நேரக் கொப்பி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை "அயன்மேன் வீராங்கனை" என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பட்டத்தை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அயன்மேன் என்பது 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. நான் அதில் பாதியைக்கூட இன்னும் முடித்ததில்லை. நான் செய்வது ஒலிம்பிக் தூரம். ஒன்றரைக் கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீற்றர் ஓட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த போட்டிக்குத்தான் ட்ரையத்லன் என்று பெயர். எனக்கு வயது 45. தொழில் குடும்பநல உத்தியோகத்தர். இரண்டு பிள்ளைகள். என் கணவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. குடும்பத்தையும் பயிற்சியையும் எப்படிச் சமாளிக்கிறேன் என்று பேசச் சொன்னார்கள். அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் தனியாகச் சமாளிக்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அயன்மேன் போட்டி 1978இல் ஹவாயின் ஓவாஹூ தீவில் தொடங்கியது. அன்று நின்றவர்கள் 15 பேர், எல்லாரும் ஆண்கள். அடுத்த வருடமே லின் லெமேர் என்ற பெண் கலந்துகொண்டு, எல்லாருக்கும் பொதுவான வரிசையில் ஐந்தாவதாக வந்தார். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லன் சேர்க்கப்பட்டது. 2018 பெப்ரவரியில் பாதி அயன்மேன் கொழும்புக்கு வந்தது. அந்தச் செய்தியை நான் கிளினிக் மேசையில் கிடந்த பத்திரிகையில் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சைக்கிள் உனக்கு ஓடத் தெரியும், ஓட்டமும் பழகலாம், நீச்சலுக்கு என்ன செய்வாய்?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

நீச்சலுக்கு என்ன செய்வது? இங்கே இருப்பவர்களைக் கேட்கிறேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. கற்பிட்டிக் குடாநாட்டில் எந்த வீட்டிலிருந்து நடந்தாலும் சிறிது நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கரைவலை இழுக்கத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், கருவாடு போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இறால் தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீந்துவது ஆண்பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டோம். நான் 39 வயதில் களப்பில் கற்றேன். புத்தளம் களப்பின் பெரும்பகுதி ஆழமில்லாதது, ஓரத்தில் பயம் வந்தால் எழுந்து நின்றுவிடலாம். முதல் இரண்டு மாதம் நான் நீந்தியதைவிட எழுந்து நின்றதுதான் அதிகம். காலடியில் சாதாழை உரசும்போதெல்லாம் ஏதோ கடிக்க வந்துவிட்டது என்று கத்துவேன். என் கணவர் கரையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிரிப்பார்.

பிந்திக் கற்றவள் என்ற வெட்கம் எனக்கு நீண்ட நாள் இருந்தது. 2021 மார்ச்சில் ஐதராபாத்தைச் சேர்ந்த கோலி சியாமளா என்ற பெண் தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து தனுஷ்கோடி வரை பாக்குநீரிணையை 13 மணி 43 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அவரும் நாற்பது வயதை எட்டிய பிறகு நீச்சல் பழகியவர்தான். அதைப் படித்த நாளில் வெட்கம் போய்விட்டது.

பாக்குநீரிணை என்றதும் நமக்கெல்லாம் வல்வெட்டித்துறை ஆனந்தன் நினைவுக்கு வருவார். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், திரும்பியும் நீந்தி வந்தவர். ஏறத்தாழ 51 மணி நேரம். நான் சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது ஒரு மனிதனும் கடலும் மட்டுமே மனக்கண்ணில் தெரிந்தார்கள். இப்போது கேட்டால் எனக்குப் படகுதான் முதலில் தெரிகிறது. தூர நீச்சலில் பக்கத்திலே படகு போகும். நீரோட்டம் பார்ப்பவர், நேரம் பார்ப்பவர், கஞ்சியோ கோப்பியோ நீட்டுபவர் என்று அதற்குள் ஆட்கள் இருப்பார்கள். நீந்துபவர் படகைத் தொடக் கூடாது, ஆனால் படகில்லாமல் போகவும் கூடாது. அந்தப் படகில் இருந்தவர்களின் பெயரை நம்மில் யார் கேட்டிருக்கிறோம்?

இந்தியாவின் அனு வைத்தியநாதன் 2009இல் கனடாவில் அல்ட்ராமேன் என்ற போட்டியை முடித்தார். மூன்று நாட்களில் 10 கிலோமீற்றர் நீச்சல், 420 கிலோமீற்றர் சைக்கிள், 84 கிலோமீற்றர் ஓட்டம்.  அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. உதவிக் குழு இல்லாமல் யாரும் கலந்துகொள்ள முடியாது. சாப்பாடு, தண்ணீர், உடுப்பு, மருந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே வர ஆட்களை வீரரே கொண்டுவர வேண்டும். எனக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். உதவியை ஒளிக்காமல் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு 2016இல் வெள்ளி, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். "எப்படி முடிந்தது?" என்று எல்லாரும் அவரைக் கேட்கிறார்கள். அவர் கணவரும் ட்ரையத்லன் வீரர், ஒரு பயிற்சியின் களைப்பு என்னவென்று தெரிந்தவர். விடையில் பாதி அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

எனக்கு வாரத்தில் எட்டு மணி நேரம் வேண்டும். களப்பில் இரண்டு நாள், சைக்கிளில் ஒரு நீண்ட பயணம், ஒரு குறும்பயணம், ஓட்டம் மூன்று நாள். எட்டு மணி நேரம் பெரிதல்ல என்று நீங்கள் நினைக்கலாம். அது வானத்திலிருந்து விழுவதில்லை. நான் நீந்தும் ஒன்றரை மணி நேரத்தில் யாரோ அரிசி கழுவுகிறார்கள், யாரோ என் மகளுக்குத் தலை பின்னுகிறார்கள். நான் வேலையில் பதிவேடு எழுதிப் பழகியவள். கர்ப்பிணித் தாய்மாரின் பதிவேடு, பிள்ளைகளின் நிறைப் பதிவேடு என்று எல்லாம் எழுதுகிறேன். ஆகவே ஒரு கொப்பி வாங்கி, கடைக்காரர் கடன் எழுதுவதுபோல எழுதத் தொடங்கினேன். இடது பக்கம்: யார் எனக்கு எவ்வளவு நேரம் தந்தார்கள். வலது பக்கம்: நான் எவ்வளவு திருப்பிக் கொடுத்தேன். "மாமி, ஞாயிறு, மூன்று மணி." "மச்சாள், புதன், ஒரு மணி." எதிரே: "மாமியோடு கண் கிளினிக், அரை நாள்." "மச்சாளின் பிள்ளைகள், சனி மாலை." முதலில் என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் கணக்கு இருக்கிறதா?" என்றார். இருந்தது. அவருடைய பக்கம்தான் மிக நீளம். 2022இல் பெற்றோல் வரிசையில் ஊரே நின்றபோது நான் வேலைக்கும் சைக்கிளிலேயே போனேன். அப்போது வாரத்துக்கு 100 கிலோமீற்றர் சும்மாவே சேர்ந்தது. அந்த வாரங்களில் அவர் கணக்கு கொஞ்சம் குறைந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் மாரடைப்பால் இறந்துபோனார். வயது 46. அதைப் பற்றி நான் இங்கு அதிகம் சொல்லமாட்டேன். உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள்.

துக்கத்தில் ஓடினால் மனம் இலேசாகும் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. முதலில், உடம்பே ஒத்துழைக்கவில்லை. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு எண்ணுவது என் வழக்கம். முன்பு 58 இருந்தது. அவர் போனபின் பல மாதங்கள் 70க்கு மேலேயே நின்றது. தூக்கமில்லாத உடம்பு ஓடாமலே ஓடிக்கொண்டிருக்கும். அந்த உடம்பைப் பழைய அட்டவணையில் போட்டு வதைத்தால் காய்ச்சலில் விழும். ஆகவே மூன்று மாதம் நடந்தேன், அவ்வளவுதான். பிறகு நீச்சலுக்குத் திரும்பினேன். நீந்தும்போது அழ முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தால் கரை தெரியாது. நிறுத்தி, எழுந்து நின்று, கழற்றிக் கொட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஒரு நாள் பன்னிரண்டு தடவை மாட்டினேன். அடுத்த வாரம் ஏழு தடவை. துக்கம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி மாட்டிய எண்ணிக்கைதான் குறைந்தது.

ஊர் வாய் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சில் உப்பில்லை. புருஷனை இழந்தவள் விடியற்காலையில் சைக்கிளில் போகிறாள், களப்பில் இறங்குகிறாள் என்று பேச்சு வந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா மாமியிடம் நேராகவே கேட்டார்: "இன்னும் ஆண்டுத் திவசம்கூட முடியேல்ல, உங்கட மருமகள் இப்படித் திரியிறாவே?" என் மாமி இளம் வயதில் கணவரைக் கடலில் இழந்தவர். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "என்ர மனிசன் போய் எட்டாம் நாள் நான் கருவாட்டுப் பரணுக்குப் போனனான். அண்டைக்கு ஆரும் என்னைத் திரியிறா எண்டு சொல்லேல்ல. ஏனெண்டா அது வேலை." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் துக்கத்தோடு உழைக்கலாம், துக்கத்தோடு சமைக்கலாம், துக்கத்தோடு பிள்ளை பெறக்கூடச் செய்யலாம். அப்படிப் பெற்ற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். தனக்காக ஒரு மணி நேரம் எடுத்தால்தான் துக்கம் கெட்டுவிடுகிறது. இந்தக் கணக்கை யார் எழுதினார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

ஊர் வாயைத் தாண்டிவிடலாம். என் மகனைத் தாண்ட முடியவில்லை. அப்போது அவனுக்கு 14 வயது. சைக்கிளை நான் வெளியே எடுத்தால் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவான். ஒரு நாள் கேட்டேவிட்டான்: "ஆனந்தனும் கடலிலதானே செத்தவர்?" ஆம். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்தார். பாடசாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்பா இல்ல. நீங்களும் போனா, தங்கச்சிக்கு ஆர்?" என்றான்.

இதற்குத் தன்னம்பிக்கைப் புத்தகங்களில் விடை கிடையாது. அவன் கேட்டது நியாயம். பெற்றோர் இருவர் இருக்கும் வீட்டில் எடுக்கக்கூடிய ஆபத்து வேறு, ஒருவரே மிஞ்சிய வீட்டில் எடுக்கக்கூடிய ஆபத்து வேறு. அன்று இரவு நாங்கள் இருவரும் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தோம். விதிகளை அவன் சொல்ல நான் எழுதினேன். இருட்டில் பெருந்தெருவில் சைக்கிள் கிடையாது. நுரைச்சோலைப் பக்கம் மரக்கறி ஏற்றிய லொறிகள் விடியுமுன் எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும், போதாததற்குத் தெருவில் படுத்திருக்கும் கழுதைகள் வேறு. நீந்தும்போது இடுப்பில் கயிறு கட்டிய செம்மஞ்சள் மிதவை இருக்க வேண்டும். கரையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். கடற்பக்கம் இறங்கவே கூடாது, களப்பு மட்டும். திரும்பும் நேரம் சொல்லிப் போக வேண்டும், பிந்தினால் அவன் தேடி வருவான். நான் ஒரேயொரு விதி கேட்டேன்: இவ்வளவையும் நான் காத்தால், சைக்கிளை எடுக்கும்போது அவன் எழுந்து உள்ளே போகக் கூடாது. அதற்கு அவன் இரண்டு நாள் அவகாசம் கேட்டான்.

கரையில் நிற்கும் ஆளாக மாமி வந்தார். மடிக்கதிரை ஒன்று, வெற்றிலைப் பை, ஒரு விசில். நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீர் தெரியும். "இண்டைக்குக் கச்சான் எழும்பும், கெதியா முடி மகள்" என்பார், ஒன்பது மணிக்குக் காற்று வீசத் தொடங்கும். நான் காற்றாடிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மாம்புரியில் நிற்கும் அந்தப் பெரிய மின்காற்றாடிகள் எந்தத் திசைக்கு முகம் காட்டுகின்றனவோ அந்தத் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. கச்சான் காலத்தில் கற்பிட்டிக்குப் போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். வெள்ளைக்காரர்கள் பட்டச் சறுக்கலுக்கு விமானமேறி வருகிற காற்று இது. எனக்கு இலவசம். சாப்பாட்டுக்கும் வெளிநாட்டுப் பக்கெற் ஒன்றும் வேண்டியதில்லை. நம் தென்னந்தோப்பின் செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம்தான். ஆகவே போத்தலில் நம் புத்தளத்து உப்பு ஒரு சிட்டிகை. மிக வெக்கையான நாளில் ஜீவனிப் பக்கெற். வயிற்றோட்டத்துக்குத் தாய்மாருக்குக் கொடுக்கும் அதே ஜீவனிதான்.

கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிம்பிக் தூரத்தை நாங்களே ஒழுங்குசெய்து முடித்தோம். பதக்கம் இல்லை, பதிவு இல்லை. கற்பிட்டியில் களப்புக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர், மச்சானின் சிறு வள்ளம் பக்கத்தில். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி ஏறத்தாழ 40 கிலோமீற்றர்; யாரோ ட்ரையத்லனுக்காகவே போட்டுவைத்த தெரு போல. சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் கால்கள் நம்முடையவை அல்ல, யாரோ இரவல் தந்த மரக்கட்டைகள். ஒரு கிலோமீற்றர் போனபின்தான் திரும்ப நம்மிடம் வரும். பாலாவியிலிருந்து புத்தளம் நகருக்குள் ஓடினேன். பத்துக் கிலோமீற்றருக்குத் தூரம் போதவில்லை, மிச்சத்தை நகருக்குள் சுற்றினேன். ஞாயிறு பூசைக்குப் போனவர்கள் இந்த அம்மா எதற்கு ஒரே தெருவில் இரண்டு தரம் ஓடுகிறா என்று பார்த்தார்கள். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. ஒலிம்பிக்கில் ஸ்பிரிக் இதே தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தார். சைக்கிளை என் மகன் வாங்கி மதிலில் சாத்தினான். "பதினொரு நிமிசம் பிந்திட்டீங்கள்" என்றான்.

கொப்பியில் என் கணவரின் பக்கம் அப்படியே இருக்கிறது. இடது பக்கத்தில் அவர் தந்த மணித்தியாலங்கள், வலது பக்கத்தில் நான் திருப்பியவை. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். 212 மணி நேரம் நான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தை அதில் கழிக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். கழிக்கக் கூடாது என்றாள், அது வேறு கணக்காம்.

வயதைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். அமெரிக்காவின் மடோனா புடர் ஓர் அருட்சகோதரி. 48 வயதில் ஓடத் தொடங்கி, 55 வயதில் முதல் அயன்மேன் முடித்து, 2012இல் 82 வயதிலும் முடித்தார். அவருக்காகவே புதிய வயதுப் பிரிவுகளைத் திறக்க வேண்டி வந்தது. நமது முள்ளியவளையின் அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல், பிலிப்பைன்சுக்குப் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் கொண்டுவந்தார். ஆகவே முன்வரிசையில் இருக்கும் அக்காமார் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரிக்க வேண்டாம்.

அடுத்து எனது இலக்கு பாதித் தூரம்: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 சைக்கிள், 21 ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். என் இப்போதைய வேகத்தில் மட்டுமட்டாக வரும். மகனுக்கு உயர்தரப் பரீட்சை முடியும்வரை அதற்குப் பதிவுசெய்வதில்லை என்று கொப்பியில் எழுதியிருக்கிறோம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக மண்டபத்துக்கு வர்ணம் பூசுகிறீர்கள், மணிக்கூட்டுக் கோபுரம் கட்டுகிறீர்கள், நல்லது. வெளிநாட்டிலுள்ளவர்கள் அனுப்பும் காசில் சிறு பங்கை ஒதுக்கினால், ஒவ்வொரு வருடமும் ஏழாம் தர மாணவிகளுக்குக் களப்பில் நீச்சல் பழக்கலாம். செலவு மிதவைகளுக்கும், ஒரு பயிற்றுநருக்கும், ஒரு வள்ளத்துக்கும்தான். உடலை முழுதாக மூடும் நீச்சலுடை வேண்டிய பிள்ளைகளுக்கு அதை இங்கேயே தைக்கலாம். என் தோழி ஒருத்தி தைத்து உடுத்தி இப்போது என்னைவிட வேகமாக நீந்துகிறாள். தாய்மார் சம்மதிப்பார்களா என்று கேட்பீர்கள். வீடு வீடாகப் போவது என் தொழில், அந்தப் பொறுப்பை நான் எடுக்கிறேன்.

இப்போதைக்கு, வாடைக்காற்று ஓய்ந்திருக்கும் சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நாங்கள் ஆறேழு பேர் களப்பில் இறங்குகிறோம். வர விரும்பும் பழைய மாணவிகள் வரலாம். துவாய் ஒன்றும் மாற்றுடுப்பும் கொண்டு வாருங்கள். சொறிமுட்டை தெரிந்தால் மாமி விசில் அடிப்பார், அன்று நீச்சல் இல்லை, கரையில் தேநீர் மட்டும்.